தம்பிக்கு மட்டும் எழுதியது

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
3 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி றெக்ஸ்,

நீயும் சாருஜாவும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அத்தானின் முழங்கால் நோவைத் தவிர வேறு குறை இல்லை. ஜான்-டலோன் சந்தையில் நாள் முழுவதும் நின்று பூசணிக்காய் விற்கும் மனிசனுக்கு முழங்கால் நோகாமல் என்ன செய்யும்?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் நீ எல்லாவற்றுக்கும் “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்றுவிட்டு மறந்துவிடுகிறாய். கடிதம் என்றால் உன் மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதோடு உன் போனும் மின்னஞ்சலும் நீ வேலை செய்யும் அமெரிக்க ஃபுட்போல் கழகத்துக்குச் சொந்தம், ஆட்டக்காரரின் வீட்டாரோடு கதைத்தால் கேள்வி வரும் என்று நீதானே சொன்னாய்.

நேற்று உன் மருமகன் மைக்கலின் அணி தோற்றுவிட்டது. பல்கலைக்கழகத்தில் அவனுக்கு இதுதான் கடைசி ஆட்டம். நாலு வருடமும் அவன்தான் குவாட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று மூன்று வினாடிக்குள் முடிவெடுக்கிற இடம் அது என்று நீ சொல்லித் தந்துதான் எனக்குத் தெரியும். கையால் எறிகிற விளையாட்டுக்குக் காற்பந்து என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது இன்னும் விளங்கவில்லை.

ஏப்ரலில் அமெரிக்கக் கழகங்கள் முறைவைத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் ட்ராஃப்டில் இவன் பெயரும் வரலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறாராம். கடைசியான ஏழாவது சுற்றில் வந்தாலும் போதும் என்கிறான். விளையாடும் பிள்ளைகளின் திறமையைக் கழகத்துக்காக எடைபோடுகிற ஸ்கௌட் வேலைதானே உனக்கு. பதின்மூன்று வயதில் மன்னாரிலிருந்து எங்களிடம் வந்து, பார்க்-எக்ஸ்டென்ஷன் வீட்டுச் சோபாவில் படுத்துக்கிடந்து அந்த விளையாட்டைப் பார்த்தவன் நீ. மைக்கலுக்கு முதல் பந்து வாங்கிக் கொடுத்ததும் நீ. அதனால் கேட்கிறேன். அவனுக்கு உண்மையாகவே தகுதி இருக்கிறதா? எனக்காகப் பொய் சொல்லாதே.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அக்கா றோசலின்


கொலம்பஸ், ஒஹாயோ
28 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருக்கும் நத்தார் வாழ்த்துகள். உங்கள் கடிதம் தபால் வேலைநிறுத்தத்தில் எங்கோ முடங்கிக் கிடந்து முந்தநாள்தான் வந்தது. அத்தானின் முழங்காலுக்கு ஐஸ் வைக்கச் சொல்லுங்கள். சூடு வைக்கக்கூடாது.

மைக்கலின் ஒன்பது ஆட்டங்களின் வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். பொய் இல்லாமல் எழுதுகிறேன். அவனுடைய கண் நல்லது. எறிய நினைத்தவனை எதிராளி மறைத்தால் பதறி ஓடாமல் அடுத்தவனைத் தேடுகிறான். கனடா மைதானம் எங்களுடையதைவிட அகலம். அதன் ஓரத்துக்கு எறிந்து பழகியவன் என்பதால் கையில் பலம் இருக்கிறது. கால்கள் கொஞ்சம் சோம்பல். ஆனால் அதைத் திருத்தலாம். ஆறாம், ஏழாம் சுற்றில் யாராவது எடுக்கக்கூடிய பிள்ளை.

ஒரு விஷயம் மட்டும் இடறுகிறது. ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து, ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் அவன் எறியும் பந்து நேராகச் சுழலாமல் தள்ளாடுகிறது. களைப்பா, வேறேதுமா? அடிபட்டானா? கை எப்படி இருக்கிறது? நன்றாக நித்திரை கொள்கிறானா? இதைத் தொழிலுக்காகக் கேட்கவில்லை. அவனுடைய கோப்பு என்னிடம் இல்லை. சொந்தக்காரன் என்று சொல்லி நானே விலகிவிட்டேன். எங்கள் கழகத்தில் கனடா ஆட்டக்காரரைப் பார்ப்பவர் வேறு ஆள். மாமனாகத்தான் கேட்கிறேன்.

அன்புத் தம்பி
றெக்ஸ்


பியர்பொன்ட்ஸ்
12 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் சாருஜா அனுப்பிய கேக்கும் ஒரே நாளில் வந்தன. இங்கே குளிர் பூச்சியத்துக்கு இருபத்திரண்டு பாகை கீழே. ஆனாலும் எல்லோரும் சுகம். நான் குழந்தைகளைப் பார்க்கும் கார்டெரியில், அந்தக் காப்பகத்துப் பிள்ளைகளுக்குத்தான் மூக்கு ஒழுகி முடியவில்லை.

உன் கண்ணுக்குத் தப்பாது என்று தெரியும். எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி ஆட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து அவனை விழுத்தினார்கள். கழுத்து ஒரு பக்கம் மடங்கிப் போனது. எழும்பித் தொடர்ந்து ஆடினான். அன்றிலிருந்து எங்கே அடிபட்டாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு வலது கை விரல்கள் மரத்துப் போகின்றன. ஆசிரியர் பயிற்சிக்காகத் திங்கட்கிழமைகளில் பள்ளிக்கூடம் போகிறவன் அல்லவா? காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் குசினிக்கு வந்து என் முன்னால் நிற்பான். நான்தான் போட்டுவிடுவேன். புதன்கிழமை சரியாகிவிடும்.

“அம்மா, ஒருத்தரிட்டையும் சொல்லாதைங்கோ. அப்பாட்டையும் வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறான். நான் அத்தானுக்குக்கூடச் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் உன்னை நான் அந்த ‘ஒருத்தர்’ கணக்கில் வைத்ததே இல்லை.

வாசித்துவிட்டுக் கிழித்துவிடு. என்ன செய்யலாம் என்று சொல்லு.

உன் சொல்லை நம்பியிருக்கும்
அக்கா


கொலம்பஸ்
15 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுணங்கியதற்கு மன்னியுங்கள். இந்த மாதம் முழுவதும் கூட்டம், பயணம், மறுபடி கூட்டம். நானும் சாருஜாவும் நலம். இன்னொரு செய்தி: உங்களுக்கு மருமகள் பிறக்கப் போகிறாள். மே மாதக் கடைசி என்கிறார்கள். முன்பு இரண்டு தடவை கைநழுவிப் போனதால் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குத்தான்.

மைக்கல் கால்களுக்கு நல்ல பயிற்சி எடுக்கட்டும். மார்ச் மாதம் கழகங்களின் ஆட்கள் முன்னால் எறிந்து காட்டும்போது அவர்கள் கையைவிடக் காலைத்தான் அதிகம் பார்ப்பார்கள். நித்திரையும் சாப்பாடும் முக்கியம்.

வேறு என்ன? அத்தானுக்கு என் அன்பு.

றெக்ஸ்


பியர்பொன்ட்ஸ்
2 மார்ச் 2025

அன்புள்ள தம்பி,

பிள்ளைச் செய்தி கேட்டு நான் குசினியில் இருந்து அழுதேன். அத்தான் பயந்துபோய் ஓடி வந்தார். சாருஜாவைப் படி ஏறி இறங்க விடாதே. ஞாயிறு பூசையில் அவளுக்காக ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் தம்பி, உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். காலைப் பற்றி எழுதியிருக்கிறாய், சாப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் எழுதியதற்கு ஒரு வரி இல்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

மைக்கல் இப்போது ஒவ்வொரு சனியும் கவசம் மாட்டிக்கொண்டு பழைய தோழர்களோடு மோதிப் பயிற்சி எடுக்கிறான். போன கிழமையும் விரல் மரத்தது. “டொக்டரிட்டைப் போவம்” என்றேன். “ட்ராஃப்ட் முடியட்டும் அம்மா” என்கிறான். என் சொல் அவனிடம் எடுபடாது. மாமா சொன்னால் நாளைக்கே போவான். நீ ஒரு வார்த்தை சொல்லு. போகட்டுமா, வேண்டாமா?

அக்கா


கொலம்பஸ்
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. நாங்கள் இருவரும் சுகம். யோசிக்காதீர்கள்.

டொக்டர் விஷயம்: இப்போது வேண்டாம். போனால் அது எழுத்தில் பதிவாகும். பதிவானால் எல்லாக் கழகமும் கேட்டு வாங்கிப் பார்க்கும். இன்னும் ஆறு கிழமைதானே. ட்ராஃப்ட் முடிந்த மறுநாளே காட்டுங்கள். அவன் இளம் பிள்ளை, தாங்குவான்.

அன்புடன்
றெக்ஸ்

மச்சாள், நான் சாருஜா. இவர் கடிதத்தை ஒட்டப் போனார், பறித்து நானும் நாலு வரி எழுதுகிறேன். பிள்ளை நன்றாக உதைக்கிறாள். இவருக்கு மார்ச் முதலாம் திகதி வேலை உயர்வு கிடைத்தது உங்களுக்குத் தெரியும்தானே? இப்போது நாட்டின் கிழக்குப் பகுதி முழுவதற்கும் இவர்தான் பொறுப்பு. பெப்ரவரிக் கூட்டத்தில் இவர் கொண்டு வந்த தகவல்களைக் கழகத்தின் பெரியவர் எல்லோர் முன்னாலும் பாராட்டினாராம். அத்தானுக்கும் மைக்கலுக்கும் சொல்லுங்கள்.


பியர்பொன்ட்ஸ்
6 ஏப்ரல் 2025

தம்பி றெக்ஸ்,

சாருஜாவும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

மார்ச் இருபத்தைந்தாம் திகதி மைக்கல் எறிந்து காட்டினான். பதினொரு கழகத்தின் ஆட்கள் வந்திருந்தார்கள். அறுபத்துநாலு எறிதலில் நாலைந்துதான் தவறினவாம். அத்தான் சந்தைக்கு லீவு போட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வாழ்நாளில் முதல் தடவையாகப் பிள்ளையைக் கட்டிப் பிடித்தார்.

போன வியாழக்கிழமை பின்னேரம் உன் கழகத்திலிருந்து ஒருவர் அவனோடு வீடியோவில் கதைத்தார். குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு இருந்தான். காதில் மாட்டியிருந்ததால் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவன் முகம் மாறியதை மட்டும் கண்டேன். ஆங்கிலத்தில் “இல்லை, அப்படி ஒன்றுமில்லை” என்றான். மறுபடியும் “இல்லை” என்றான். பிறகு கணினியை மூடினான்.

உனக்குத் தெரியும், அவன் கோபம் வந்தால் பிரெஞ்சுக்கு மாறுகிறவன். அன்று தமிழில் கேட்டான்.

“அம்மா, ஆருக்குச் சொன்னனீங்கள்?”

“என்னத்தை?”

“திங்கக்கிழமை காலமை உனக்கு ஆர் சேட் பொத்தான் போட்டுவிடுறது, அம்மாவோ எண்டு கேக்கிறான் அந்த ஆள்.”

என் கையில் மீன் செதில். கழுவவும் தோன்றவில்லை. “மாமாவுக்கு மட்டும்தான்” என்றேன். அவன் என்னைத் திட்டவில்லை. ஒரு பையில் உடுப்புகளை எடுத்துக்கொண்டு, பார்க்-எக்ஸ்டென்ஷனில் இருக்கிற கூட்டாளி திருமாறனின் அறைக்குப் போய்விட்டான். இன்று நாலாம் நாள். என் போனை எடுக்கிறானில்லை.

பொத்தான் கதை இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவனுக்கு, எனக்கு, உனக்கு. வேறு எப்படியாவது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வழி உண்டு என்றால் எழுது. நான் நம்புகிறேன்.

றோசலின் அக்கா


கொலம்பஸ்
பெரிய சனி, 19 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

வேறு வழி இல்லை. நான்தான் சொன்னேன்.

அவனுடைய கோப்பு என்னிடம் இல்லை என்று எழுதியது உண்மை. பெப்ரவரி மூன்றாம் திகதி எல்லா ஸ்கௌட்களும் கூடினோம். கனடாவைப் பார்ப்பவர் மைக்கலைப் பற்றி நல்லபடியாகத்தான் சொன்னார். அப்போது பெரியவர் என் பக்கம் திரும்பினார். “அவன் உன் அக்காவின் பிள்ளை. எங்களுக்குத் தெரியாத ஏதாவது உனக்குத் தெரியுமா?” என்றார். எட்டுப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பின்னால் தெரிய வந்தால் சொந்தக்காரனுக்காக மறைத்தவன் என்று என் கதை முடிந்திருக்கும். இந்தத் தொழிலில் ஒரு ஆளைப் பற்றி விடுதிக் காவலாளியிடம் கேட்போம், பழைய காதலியிடம்கூடக் கேட்போம். ஒருவரும் முழு உண்மை சொல்வதில்லை. அதனால் உண்மை கையில் இருக்கிறவனுக்கு அங்கே மதிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காயத்தை அவர்கள் மன்னித்திருப்பார்கள். அவன் “ஓம்” என்று சொல்கிறானா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவன் இல்லை என்றதுதான் கெடுத்தது. கோப்பில் இப்போது கையைவிட அதுதான் பெரிதாக இருக்கிறது.

அவன் நன்மைக்காகவும்தான் சொன்னேன், அக்கா. அந்தக் கழுத்தோடு எங்கள் லீக்கில் ஆடினால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். நம்புங்கள்.

பாஸ்கு வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அவன் வீட்டுக்கு வந்துவிட்டானா?

றெக்ஸ்


பியர்பொன்ட்ஸ்
11 மே 2025

றெக்ஸ்,

சாருஜாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. சுகமாகப் பெற்றெடுக்கட்டும்.

ட்ராஃப்ட் நடந்த மூன்று நாளும் அத்தான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். சனிக்கிழமை மைக்கலும் வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தான். இருநூற்றைம்பதுக்கு மேல் பெயர்கள் வாசித்தார்கள். கடைசிப் பெயருக்குப் பிறகு அத்தான் எழும்பித் தேத்தண்ணி போட்டார். மற்றக் கழகங்கள் அவனை ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அதை உன் தலையில் போட மாட்டேன்.

திங்கட்கிழமை அவனை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். படம் எடுத்தார்கள். கழுத்து எலும்புக்குள் நரம்பு போகிற வழி பிறப்பிலேயே ஒடுக்கமாம். இன்னொரு பலமான அடி விழுந்திருந்தால் கையும் காலும் விளங்காமல் போயிருக்கும் என்றார். இனி மோதல் விளையாட்டு ஒன்றும் கூடாது. மைக்கல் தலையை ஆட்டிவிட்டு வந்து காரில் இருந்தான்.

ஆகவே நீ பயந்தது சரி. அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. திகதி பார்த்து அடுக்கினேன்.

ஜனவரியில் நான் எழுதினேன். பெப்ரவரி மூன்றில் நீ எட்டுப் பேருக்குச் சொன்னாய். பதினைந்தில் எனக்கு நித்திரையும் சாப்பாடும் என்று எழுதினாய். மார்ச் முதலாம் திகதி உனக்கு உயர்வு. பதினாறில், டொக்டரிடம் போக வேண்டாம், தாங்குவான் என்று எழுதினாய். அந்த மார்ச்சில் மட்டும் மைக்கல் மூன்று தரம் விழுந்தான். மூன்றாம் தரம் விழுந்து கொஞ்ச நேரம் எழும்பாமல் கிடந்தான் என்று திருமாறன் இப்போதுதான் சொல்கிறான்.

அவன் கழுத்துக்குப் பயந்திருந்தால் நீ முதலில் எனக்கு எழுதியிருப்பாய். உன் பெரியவருக்குச் சொன்ன ஒரு வசனத்தை எனக்குச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. உன் கழகம் மட்டும் அறிந்த விஷயம் மற்றக் கழகங்களுக்குத் தெரியக்கூடாது என்றா டொக்டரைத் தடுத்தாய்? இல்லை, யார் சொன்னது என்று எனக்குத் தெரியக்கூடாது என்றா? எது என்றாலும் அதில் என் பிள்ளையின் கழுத்து இல்லை.

அவன் இல்லை என்று பொய் சொன்னதுதான் கெடுத்தது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளை பொய் சொன்னது, தாய் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில்.

றோசலின்


கொலம்பஸ்
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மே இருபத்தொன்பதாம் திகதி காலை மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறோம்: அஞ்சலீனா. மூக்கு உங்களுடையது என்று சாருஜா சொல்கிறாள்.

மைக்கலின் கழுத்துப் படத்தில் வந்ததை வாசித்தபோது பயந்துபோனேன். அதோடு ஒரு ஆறுதலும் வந்தது. என்ன நடந்திருந்தாலும் கடைசியில் அவன் நடந்து திரிகிறான். அவன் தெரிவாகியிருந்தால் இந்த ஆகஸ்டில் கவசம் மாட்டிக்கொண்டு நிற்பான். ஒரு நாள் அவனும் நீங்களும் இதை அப்படிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். டொக்டரைத் தடுத்தது பிழை.

ஆகஸ்ட் பத்தாம் திகதி ஞானஸ்நானம். நீங்கள்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும். சாருஜா வேறு ஒருவரையும் கேட்கச் சம்மதிக்கிறாளில்லை. வருவீர்களா? மைக்கலின் கை இப்போது எப்படி இருக்கிறது? அத்தான் என்ன சொல்கிறார்?

உங்கள்
தம்பி


பியர்பொன்ட்ஸ்
29 ஜூன் 2025

றெக்ஸ்,

பிள்ளையின் படம் பார்த்தோம். மூக்கு அம்மாவினுடையது, என்னுடையது இல்லை. அத்தான் அதைப் பணப்பையில் வைத்துச் சந்தையில் எல்லோருக்கும் காட்டுகிறார். நடந்தது முழுவதையும் அவருக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டார். தன்னிடமும் மறைத்தேனே என்றுதான் கோபம். அது நியாயம்.

மைக்கல் வீட்டுக்கு வந்துவிட்டான். முதல் இரண்டு கிழமையும் சாப்பிடுவான், கோப்பையைக் கழுவுவான், மேலே போவான். ஒரு ஞாயிறு பூசை முடிந்து காரில் வரும்போது நான் சொன்னேன், “உன்ரை விஷயத்தை நான் சொல்லியிருக்கக்கூடாது. தம்பி எண்டு நினைச்சன். அது என்ரை பிழை.” அவன் வீதியைப் பார்த்துக்கொண்டே, “நானும் மாமாவிட்டைச் சொல்லியிருப்பன் அம்மா. கேட்டிருந்தால்” என்றான். எனக்கு அதைக் கேட்டுத்தான் அதிகம் நொந்தது.

செப்டெம்பரிலிருந்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு உயர்பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கப் போகிறான். அங்கே ஃபுட்போல் அணியும் இருக்கிறதாம். பொறுப்பெடுக்கக் கேட்டிருக்கிறார்கள், இன்னும் பதில் சொல்லவில்லை. இவ்வளவையும் உனக்கு எழுதலாம் என்று அவன் சொன்னான். இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டித்தான் தபாலில் போடுகிறேன். கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை எழுத வேண்டாம் என்றான்.

ஒரு நாள் நாங்களும் உன்னைப்போல் பார்ப்போம் என்று எழுதியிருக்கிறாய். அவன் நடந்து திரிவதற்கு நான் ஒவ்வொரு நாளும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அதில் உனக்குப் பங்கு தர மாட்டேன்.

ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். சாருஜா கேட்டதற்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும். பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்பேன், குருவானவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன். உன் வீட்டில் தங்க மாட்டேன். அத்தான் பக்கத்தில் ஒரு விடுதி பார்த்திருக்கிறார்.

மைக்கல்தான் கார் ஓட்டிக்கொண்டு வருவான். கோயிலுக்குள் வருவானா, வெளியே நிற்பானா என்று அவனே இன்னும் முடிவெடுக்கவில்லை. வந்தால் பிள்ளையை அவன் கையில் கொடு. எப்பிடி இருக்கிறாய் என்று மட்டும் கேட்காதே. நீ அப்படிக் கேட்டால் பதில் எங்கே போகும் என்று இந்த வீட்டில் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

அஞ்சலீனாவின் ஞானத்தாய்
றோசலின்